மோர்ஃபெல்ட் வட்டத்தில் ஒரு தலை குறைவு

"கட்டிடங்கள் அல்ல, மக்களே நகரம். எண்ணிக்கையே அதன் ஆன்மா."

மோர்ஃபெல்ட் வட்ட அலுவலகத் தலைவர் வீஸ்காம்ப், தானே இயற்றிய இந்த வாசகத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்திருந்தார். ஆணி இறங்கிய ஒரே இடம் கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவர் என்பதால், நகரத்தின் ஆன்மா அங்கேயே தொங்கியது.

நவம்பர் மழையோடு உத்தரவும் வந்தது. வருடக் கடைசியில் பத்தாயிரம் பேருக்குக் குறைவான வட்டம் எதுவோ, அதன் அலுவலகம் மூடப்படும்; பக்கத்து வட்டத்தோடு சேர்க்கப்படும். மோர்ஃபெல்டில் 9,999 பேர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆம்ஹோல்ட்டில் சரியாகப் பத்தாயிரம்.

"எவனோ ஒரு உதவாக்கரை அங்க ஒட்டிக்கிட்டு இருக்கான். அவனாலதான் அவங்க தப்பிச்சாங்க!" என்று பொருமினார் வீஸ்காம்ப்.

"அந்தப் புண்ணியவானைப் பேசி இங்க கூட்டிட்டு வந்துடுங்க சார், கணக்கு சரியாயிடும்," என்றாள் பதிவு மேசையிலிருந்த கெஸீனா, கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவளுக்குச் சிரிப்பு. அவருக்கோ அந்த அலுவலகத்தை விட்டால் வேறு எதுவும் இல்லை. பதினோரு வருடம் முன்பு மணமுறிவான அன்று, இரண்டு பெட்டிகளோடு பாலம் தாண்டி மோர்ஃபெல்டுக்கு வந்தவர். "ரெண்டு மாசத்துக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார். பிறகு ஒரு சின்ன வீடு வாங்கினார். அதில் ஒரு கட்டிலும் ஒரு நாற்காலியும் இருந்தன. கடிதங்கள்கூட அலுவலகத்துக்கே வந்தன. வேலையில் மட்டும் கறார்: குடிமாறி பதினாலு நாளில் புது விலாசத்தைப் பதியாதவர்களுக்குத் தன் கையாலேயே அபராத நோட்டீஸ் எழுதுவார்.

முதலில் வட்டத்தில் பதிந்திருந்த மாணவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டார்: "மோர்ஃபெல்ட் உங்களை நேசிக்கிறது. இங்கேயே இருங்கள்."

இரண்டு பேர் பதில் எழுதினார்கள். "ஞாபகப்படுத்தினதுக்கு நன்றி. நாங்க போன வருஷமே பெர்லின் வந்துட்டோம். பேரை எடுத்துடுங்க."

9,997.

அடுத்து, பூங்கொத்தோடு நாலாம் மாடி ஏறி, தொண்ணூற்றொரு வயது போஸெல் அம்மாளின் கதவைத் தட்டினார்.

"நீங்க ஆம்ஹோல்ட் முதியோர் இல்லத்துக்குப் போறதா கேள்விப்பட்டேன்," என்றார் மூச்சிரைக்க.

"யார் சொன்னா? நான் எங்கயும் போகலையே தம்பி."

"போகவே போகாதீங்க! லிஃப்ட் இருக்கும்பாங்க. புதன்கிழமை ப்ளம் கேக்கும்பாங்க. சாயங்காலம் சீட்டாட ஆள் இருக்கும்பாங்க. எதுக்கும் மயங்கிடாதீங்கம்மா!"

அம்மாள் அவர் தோளுக்கு மேலாகப் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். "சீட்டாட ஆளா?"

அடுத்த வாரம் 9,996. ஆம்ஹோல்ட் 10,001.

"சார், இனிமே யாரையும் பார்க்கப் போகாதீங்க," என்றாள் கெஸீனா. "கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

அவர் கேட்கவில்லை. டிசம்பரில், 'மோர்ஃபெல்டே என் வீடு' என்று காப்பி, கேக்கோடு கூட்டம் போட்டார். பதினான்கு பேர் வந்தார்கள். மனைவியை இழந்த ரொட்டிக் கடைக்காரரும் கணவனை இழந்த தையற்காரியும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். வருடம் முடியுமுன் இருவரும் ஆம்ஹோல்ட்டில், ஆற்றைப் பார்த்த பால்கனியோடு ஒன்றாகக் குடியேறிவிட்டார்கள். மீந்துபோன ஏழு கேக்கைத் தூக்கிக்கொண்டு வீஸ்காம்ப் மழையில் தனியாக வீட்டுக்கு நடந்தார்.

9,994.

ஜனவரியில் அலுவலகம் மூடப்பட்டது. மோர்ஃபெல்டில் பதிவான ஒவ்வொருவருக்கும், 'இனி நீங்கள் ஆம்ஹோல்ட்வாசி' என்று மாற்றல் கடிதம் அச்சாகி அடுக்கடுக்காகக் கிடந்தது. வீஸ்காம்ப் ஆன்மாவை ஆணியிலிருந்து கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேசைக்கு வந்தார்.

"கடைசி வரைக்கும் நான் மோர்ஃபெல்ட்காரன்மா. என் கடிதத்தையும் குடு, என் கையாலேயே வாங்கிக்கறேன்," என்றார்.

கெஸீனா அடுக்கைப் புரட்டினாள். மறுபடி புரட்டினாள். கணினியில் தட்டினாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"உங்களுக்குக் கடிதம் இல்லை சார். பதினோரு வருஷமா நீங்க ஆம்ஹோல்ட்டுலதான் பதிவாயிருக்கீங்க. உங்க பழைய சம்சாரம் வீட்டுல."