சத்தம் வெளியே போகாத அறை

விருத்தாசலம்,
6-8-1973.

சிரஞ்சீவி தம்பி சக்கரபாணிக்கு உன் அக்காள் சொர்ணாம்பாள் எழுதுவது. உனக்கும் உன் மனைவி கனகாவுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். இவ்விடம் அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. பொய் எழுதக் கூடாது என்று கடலூர் கான்வென்டில் அடி வாங்கிக் கற்றவள் நான். ஆகவே, இவ்விடம் உடம்பு நலம், மனம் நலமில்லை என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். என் மகன் ராஜாங்கம் என்னை அறைக்குள் தள்ளிப் பூட்டவில்லை. நானும் அவன்மீது கொளஞ்சியப்பர் கோயிலில் மனு எழுதி வேலில் பிராது கட்டவில்லை. இந்த இரண்டையும் உனக்கு எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டுக் காசியம்மாள் கனகாவுக்கு ஒன்றுவிட்ட அக்காள் முறை. அவள் கண்ணால் கண்டது உண்மை. கண்டதற்குச் சொன்ன விளக்கம்தான் பொய். அதை நம்பி, ஆவணி பிறந்ததும் டாக்சியோடு வருவதாகவும், நான் பெட்டி கட்டித் தயாராக இருக்க வேண்டும், வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு கடலூரிலேயே இருந்துவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். நடந்ததைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

ராஜாங்கம் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அச்சு வார்ப்பது உனக்குத் தெரியும். வேலை நேரம் போக அவனுக்குப் பாட்டுப் பைத்தியம். ரேடியோ ரிப்பேர் பார்க்கிற பழமலையோடு சேர்ந்து இரண்டு டேப் ரிக்கார்டர் வாங்கியிருக்கிறான், சோற்றுத் தட்டு அளவுக்குச் சக்கரம் சுற்றுகிற ஜாதி. பாடுகிறவர் குரலைத் தனியாகவும், தவில், ஆர்மோனியத்தைத் தனியாகவும் பிடித்து, பிறகு அளவு பார்த்துக் கலந்து ஒரே டேப்பில் ஏற்றுவார்களாம். குழம்பு கூட்டுவது போலத்தானே என்று நினைத்து, உன் மாமா கணக்கு எழுதிக்கொண்டிருந்த தெருப்பக்கத்து அறையை விட்டுக்கொடுத்தேன். ஆனால் பக்கத்தில் பீங்கான் மண் அரைக்கிற மில் ஓயாமல் உருண்டுகொண்டிருக்கிறதே! முதலில் பிடித்த முருகன் பாட்டில், பாடகர் உருகுகிற இடத்தில் மில்லும் சேர்ந்து உருண்டது. காசியம்மாள் கோழி விரட்டுவதும் தாளம் தப்பாமல் பதிவாகியிருந்தது. வெளிச் சத்தம் உள்ளே வராமலும், உள்ளே எழுகிற சத்தம் சுவரில் முட்டித் திரும்பாமலும் அறைக்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள்.

இந்த ஊரில் எந்த வியாதிக்கும் பீங்கான்தான் மருந்து. "சூட்ட அடக்குது, கரண்டையே அடக்குது, இந்தச் சத்தத்த அடக்காதாம்மா?" என்று கேட்டு, கம்பெனியில் கழித்துப் போட்ட பளபளப்பான ஓடுகளை மாட்டுவண்டியில் கொண்டுவந்து நாலு சுவரிலும் பதித்தான். பழமலை நடுவில் நின்று ஒரு தும்மல் போட்டான். அறை வரிசையாகத் திரும்பத் தும்மியது. கிணற்றுக்குள் குடித்தனம் வைத்ததுபோல் ஆயிற்று. நல்ல சுவர் பாழ். பிறகு ஓடுகளைப் பெயர்த்தார்கள். பீங்கான் கோப்பைகளைப் பெட்டியில் அடுக்கும்போது இடையில் திணிக்கிற வைக்கோலைச் சாக்குகளில் அடைத்து, சுவர் முழுக்க ஆணி அடித்து மாட்டினார்கள். போதவில்லை. உன் மாமாவின் இலவம்பஞ்சு மெத்தையைக் கூரைக்குக் கீழே கட்டினார்கள். அன்று முதல் எனக்குத் தூக்கம் இல்லை. அவ்வளவு வைக்கோலுக்கு ஒரு தீக்குச்சி போதும். எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். தினமும் டார்ச் அடித்து ஒவ்வொரு சாக்கையும் குடைக்கம்பியால் குத்திப் பார்த்தேன். "சாக்கு கிழியுதும்மா" என்றான் ராஜாங்கம். பாம்பு கிழிந்தால்தானே தெரியும் என்றேன்.

அதற்குப் பிறகும் தவில் அடித்தால் மூலையில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் தங்கிவிடுகிறதாம். வாய் குறுகின ஜாடிகளை மூலையில் வைத்தால் அந்த முனகலை வாங்கிக்கொள்ளும் என்று பழமலை கண்டுபிடித்தான். வீட்டில் ஜாடிக்கு என்ன பஞ்சம்? என் ஊறுகாய் ஜாடிகள் எல்லாம் கழுவப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு மணல் போடப்பட்டு, வாயைத் திறந்துகொண்டு மூலையில் உட்கார்ந்தன. இன்னும் ஒரு பெரிய ஜாடி இருந்தால் முனகல் முழுக்க அடங்கிவிடும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு கதவு. இரட்டைப் பலகைக்கு நடுவே மரத்தூள். சுவரில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல், உள்ளே பாடுகிறவர் முகம் கூடத்தில் டேப் ஓட்டுகிறவருக்குத் தெரிவதற்காக. தவில் சத்தத்தில் கடகடக்கிறது என்று கதவின் உட்பக்கக் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று காலையில் ராஜாங்கம் என்னிடம் கெஞ்சினான். "எம்மா, ஒரே ஒரு தடவ உள்ள போயி, உன்னால முடிஞ்ச மட்டும் கத்தேன். வெளிய கேக்குதான்னு பாத்துடலாம். உன் தொண்ட மாதிரி இந்தத் தெருவுலயே கெடையாது." நான் மறுத்துவிட்டேன். சொந்த வீட்டில் காரணமில்லாமல் கத்துகிறவள் அல்ல நான். பிறகு எங்கள் வீட்டுக்கு மட்டும் கரண்ட் போயிற்று. அவர்கள் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருக்க, நான் அடுப்படி வழியாகச் சுற்றி அந்த அறைக்குள் போனேன். என் நார்த்தங்காய் ஜாடியை எடுத்துவரத்தான் போனேன். நார்த்தங்காய்க்கு உப்பு தடவி வைத்தாயிற்று, ஜாடி வேண்டாமா? கதவு தானாகச் சாத்திக்கொண்டது. தள்ளினேன். கைப்பிடி இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை மட்டும் இருந்தது.

தம்பி, அந்த அறைக்குள் இருப்பதை எப்படி எழுதுவேன்! மில் நின்றுவிட்டது. தெரு நின்றுவிட்டது. "ராஜாங்கம்" என்று கூப்பிட்டேன். குரல் எங்கேயும் போகாமல் என் உதட்டிலேயே விழுந்துவிட்டது. காதுக்குள் என் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் கேட்டது. உன் மாமா போன பிறகு இந்த வீட்டில் நான் காதை வைத்துத்தான் காவல் இருக்கிறேன். கேட் கொக்கி, கிணற்றுச் சகடை, பால்காரன் மணி, திருச்சி வண்டியின் ஊதல், இவை ஒவ்வொன்றும் சரியாகக் கேட்டால் உலகம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றுமே கேட்கவில்லை. சாவு இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன். கான்வென்ட் ஜெபத்தை இங்கிலீஷில் சொன்னேன். கொளஞ்சியப்பரையும் கூப்பிட்டேன். அந்தச் சாக்குகளைத் தாண்டி இரண்டு பேருக்கும் கேட்டிருக்காது என்பதுதான் என் பெரிய பயம்.

ஜன்னலுக்கு ஓடிக் கண்ணாடியைத் தட்டிக் கத்தினேன். ராஜாங்கம் திரும்பிப் பார்த்தான். முகமெல்லாம் பல்! காலையில் மறுத்தவள் மனம் இறங்கி, சோதனைக்குக் கத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டான். 'இன்னும் பலமா, இன்னும் பலமா' என்று கையை மேலே மேலே தூக்கிக் காட்டினான். பழமலை கைதட்டினான். மோர் கேட்டு வந்த காசியம்மாளையும் ஜன்னலுக்கு இழுத்துவந்து காட்டினார்கள். அங்கே பேசியதைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

"பாருங்க பெரியம்மா, எங்கம்மா எப்பிடிக் கத்துறாங்க! ஒண்ணாவது கேக்குதா?"

"அடப் பாவி, அது அழுவுது போலருக்கேடா!"

"அழுவுறதா? எங்கம்மாவா? சும்மா இருங்க. கத்தறதுன்னு வந்துட்டா அவங்க அரகொறையா செய்ய மாட்டாங்க."

கத்துவதை நிறுத்தி, வாயை மூடிக்கொண்டு, ஜாடிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் கத்தின வரையில் சிரித்துக்கொண்டிருந்தவன் அப்போதுதான் பயந்துபோனான். பிறந்தது முதல் நான் பேசாமல் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. பாய்ந்து வந்து கதவைத் திறந்து, என் காலைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கே இடிச்சிடறேம்மா, எனக்கு இந்தப் பாட்டும் வாணாம் ஒண்ணும் வாணாம்" என்று அழுதான். இதுதான் பூட்டிய கதை.

இனி பிராது. கூப்பிட்ட குரல் எட்டவில்லை என்றால் எழுத்தில் கொடுப்பதுதானே முறை? கொளஞ்சியப்பர் இருக்கிற மணவாளநல்லூருக்குப் பஸ் ஏறினேன். கோயிலில் மனு எழுதித் தருகிறவர் கேட்டார், "யாரு மேலம்மா பிராது?" அறைமேல் என்றேன். "ரூமு மேலெல்லாம் கட்ட முடியாதும்மா. மனுசன் பேரு சொல்லுங்க. சாமி யார வந்து விசாரிக்கும்?" மகன் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழமலை ஊரான் பிள்ளை. யோசித்துப் பார்த்தேன். அறை வீட்டில் இருக்கிறது, வீட்டுப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. சட்டப்படி எதிராளி நான்தான். அதையே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உங்க மேல நீங்களேவா? எம்மா, வூட்டுல எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க?" எழுதுங்கள் என்றேன். எழுதினார். வேலில் கட்டிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. கொளஞ்சியப்பர் மூன்று மாதத்துக்குள் எதிராளியைக் கேட்காமல் விடமாட்டார். எதிராளி நான்! அன்றிலிருந்து விக்கல் எடுத்தால் பயம், படி இறங்கினால் பயம், பல்லி கத்தினால் பயம். நேற்று தோசைக்கல் கை நழுவிக் கால் பக்கத்தில் விழுந்தது. விசாரணை தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த அறை இருக்கிற வரையில் வழக்கு தீராது. ராஜாங்கமோ இடிக்கிறேன் என்று கடப்பாரையை இரவல் வாங்கிவந்து சுவரில் சாத்தியவன், அதைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடாமல் கிடக்கிறான். ஆகவே நீ வருவதாக இருந்தால் தாய்மாமன் என்கிற முறையில் முன்னால் நின்று, சாக்கு, மெத்தை, ஜன்னல், கதவு எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட வேண்டும். அதற்கு மனமில்லை என்றால் என்னைக் கடலூருக்கு அழைத்துப் போய்விடு. இந்த வீட்டில் இந்த அறையோடு என்னால் இருக்க முடியாது.

கனகாவின் முட்டிவலிக்கு நொச்சி ஒத்தடம் கொடுக்கச் சொல். பிள்ளைகள் படிப்பும், உன் வாசல் நெல்லும், உன் ஆயுளும் பெருகட்டும்.

உன் அக்காள்,
சொர்ணாம்பாள்.

பின்குறிப்பு: அடித்தல் திருத்தல் எனக்குப் பிடிக்காது. ஆகவே மேலே கடைசியில் இடிக்கச் சொன்னதையும் அழைத்துப் போகச் சொன்னதையும் அடிக்காமல் விட்டிருக்கிறேன். நீ படிக்கும்போது அடித்துக்கொள்.

இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து அந்த அறைக்குள் உட்கார்ந்துதான் எழுதினேன். வேறு வழி இல்லை. வெளியே மில், விளக்குக் கம்பத்தில் ஆடிக் கூழுக்குக் கட்டிய புனல் ஸ்பீக்கர் என் வீட்டைப் பார்த்து அலறுகிறது, காசியம்மாள் ஆறுதல் சொல்ல வந்துகொண்டே இருக்கிறாள். ராஜாங்கம் கதவின் உட்பக்கம் கைப்பிடி வைத்து, கடகடக்காமல் துணி சுற்றிக் கொடுத்திருக்கிறான். பலமுறை திறந்து பார்த்த பிறகுதான் சாத்தினேன். முதல் பக்கம் எழுதும்போது வரிக்கு ஒரு தரம் கதவைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பாம்பு என்று எழுந்துவிட்டேன். என் பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம். இத்தனை வயதுக்கு இன்றுதான் அதைக் கேட்டேன். வாதியும் எதிராளியும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சமாதானம் ஆகிவிட்டபடியால், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதைத் திரும்பப் பெறுகிறேன். கடப்பாரையையும் உரியவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

டாக்சி வேண்டாம். பெட்டி கட்டவில்லை. கனகாவின் பெரிய மாவடு ஜாடியைத் தர முடியுமா, முடியாதா என்பதை மட்டும் தெரியப்படுத்து. நேரில் வந்து வாசலில் நின்று கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. ஆகவே தயவுசெய்து பதிலை எழுத்தில் அனுப்பு.