கல்பனாவுக்கு இரண்டு கூடுதல்

"பதினாறா!" என்று பாஞ்சாலை போட்ட சத்தத்தில் சடையன் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கில் ஏறியது.

"இன்னாம்மே, பாம்பா?"

"உன் தம்பி பொண்டாட்டிக்குப் பதினாறு. நமக்குப் பதினாலு."

ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் அந்த மலைக் கிராமத்தில் பத்துப் பேர் நிலத்தில், மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவியைப் புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மேலேயிருந்து செயற்கைக்கோள் பார்க்கும், கீழே கருவி பார்க்கும், இரண்டையும் வைத்து கம்ப்யூட்டர் கணக்குப் போடும். யார் நிலத்தில் எத்தனை சதவீதம் ஈரம் என்று தினமும் காலை எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் பட்டியல் வரும். ஊரே அதை மார்க் ஷீட்டாகத்தான் படித்தது. ஆவணிக் கடைசியில் முதலாவதாக நிற்பவரின் பெயரைப் பலகையில் எழுதி, பஸ் நிற்கும் இடத்தில் நடப்போவதாக வேறு சொல்லியிருந்தார்கள்.

ஓரகத்தி கல்பனாவின் நிலம் வரப்புக்கு அந்தப் பக்கம். மாமனார் பிரித்துக் கொடுத்தது. இரண்டிலும் ஒரே சாமை, ஒரே மழை. என்ன, கல்பனாவின் துண்டு ஒரு முழம் பள்ளம். கல்பனா பெயர் எழுதிய பலகைக்குக் கீழே நின்று எந்த மூஞ்சியோடு பஸ் ஏறுவது? பாஞ்சாலைக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் விடிந்ததும் ஒரு குடம் தண்ணீரைக் கருவி இருந்த இடத்தில் கவிழ்த்துவிட்டு வந்தாள். எட்டு மணிக்கு அவளுக்கு இருபது. நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த வரியைப் பார்க்கிற வரைக்கும்தான்.

கல்பனாவுக்கு இருபத்திரண்டு.

"அவளும் ஊத்தறா!"

"அவளும்னா?" என்றான் சடையன். "வேற யாரு ஊத்தறா?"

பாஞ்சாலை அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

அடுத்த நாள் இரண்டு குடம். வீட்டுப் பின்னால் இருந்த தக்காளிச் செடிகளின் பங்கு அது. இவளுக்கு இருபத்தாறு, அவளுக்கு இருபத்தெட்டு. அதற்கடுத்த நாள் சடையன் குளிக்க வைத்திருந்த தண்ணீரும் போயிற்று. மேலே ஈரச் சாக்கு வேறு. முப்பத்தொன்று. கல்பனாவுக்கு முப்பத்துமூன்று.

தக்காளிச் செடிகள் கருகித் தலையைத் தொங்கப் போட்டன. சடையன் மேல் நாலு நாளாய் வாடை. பாஞ்சாலை கல்பனா வீட்டுக்கே போய்விட்டாள்.

"இன்னா கல்பனா, ஒன் நெலம் ரொம்ப ஈரமா கீதாமே?"

"அப்டியாக்கா? நான் அந்தப் பக்கம் போயே பத்து நாளாவுது." கல்பனா ஒரு கிண்ணத்தை நீட்டினாள். "இந்தாங்க. ஒங்க தக்காளி வாடிப்போச்சுன்னு மாமா சொன்னாரு."

சிவப்பாக, உருண்டையாகப் பத்து தக்காளி. இந்த நடிப்புக்கு ஒரு பலகை போதாது என்று பாஞ்சாலைக்குத் தோன்றியது.

தன் குடங்களைக் கவிழ்த்துவிட்டு, மூன்று நாள் காலையில் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்து கல்பனாவின் நிலத்தையே பார்த்தாள். இரண்டு மைனாவைத் தவிர யாரும் வரவில்லை. ஆனால் எட்டு மணிக்கு அவளுக்கு மட்டும் இரண்டு கூடுதல்.

நான்காம் நாள் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கவியா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். வரப்பில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். ஊர் கூடிவிட்டது.

"மேலேர்ந்து பாத்தா ரெண்டு நெலமும் காஞ்சி கெடக்குது. பட்டியல்ல பாத்தா சேறு மாதிரி ஈரம். இங்க இன்னா நடக்குது?"

பாஞ்சாலையால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"அவ ஊத்தறாம்மா! தெனம் மூணு கொடம்! மேல சாக்கு போட்டு மூடறா!"

கல்பனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "நானாக்கா?"

"நீ இல்லாம? அந்தக் கருவியையே கேளும்மா, அது சொல்லும்!"

கவியா கல்பனாவைப் பார்த்தாள். பாஞ்சாலையின் காலடியில் இருந்த ஈரச் சாக்கைப் பார்த்தாள். லேப்டாப்பை மெல்ல மூடினாள்.

"அவங்க நெலத்துல இருக்கற கருவியோட வொயர எலி கடிச்சி, அது செத்து ரெண்டு வாரமாவுதுக்கா. புதுசு வர்ற வரைக்கும், பக்கத்து நெலம்னு ஒங்க நம்பரயே எடுத்து, பள்ளத்துல இருக்குதேன்னு ரெண்டு சேத்து கம்ப்யூட்டர் போட்டுக்குது."