முத்தையா அண்ணன் வெட்டின ஓரம்

சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பிரிக்பீல்ட்ஸ் போய், பிரேம் போடக் குடுத்திருந்த படத்த எடுத்துட்டு வரணும். அவ்ளோதான்.

என்ன படம்னு கேப்பீங்க. சொல்றேன், சிரிக்காதீங்க.

எனக்கு முப்பத்தொன்பது வயசு. இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை. ரெண்டு வருஷமா நான் ஜப்பான் அனிமே பொம்மைங்களையும் மாடர்ன் ஆர்ட்டையும் கலந்து போடற படங்கள சேத்துட்டு வரேன். பெரிய கண்ணு, கலர் முடி, பின்னாடி பெயிண்ட் டின்ன கவுத்து விட்ட மாதிரி ஒரு செவுரு. லிமிடெட் எடிஷன் பிரிண்ட்டும்பாங்க. மொத்தமே அறுபது காப்பிதான் அடிப்பாங்க. கீழ வெள்ளை ஓரத்துல ஓவியர் பென்சில்ல கையெழுத்து போட்டு, 14/60ன்னு நம்பர் எழுதுவாரு. அறுபதுல பதினாலாவது காப்பி. என்னோடது!

அந்த நம்பர சொல்றப்ப என் குரலே மாறிடுதுன்னு வீட்டுக்காரர் சொல்றாரு. பொறாமை.

இந்தப் படத்துல ஒரு வெள்ளிமுடிப் பொண்ணு. அவளுக்கு ஆறு கை. ஒண்ணுல போன், ஒண்ணுல பபிள் டீ, ஒண்ணுல கத்தி, ஒண்ணுல ஸ்பிரே டின். மத்த ரெண்டு கையும் சும்மா தொங்கும். ஒரு கொழுத்த பூனை மேல உக்காந்திருப்பா.

எங்க ஊரு பிஜேல இந்த மாதிரி படம் சேக்கறவங்க ஒரு குரூப் வெச்சிருக்கோம். தலைவர் பேரு தினேஷ். பேர சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டாரு. "கியூரேட்டர்"னு கூப்பிடணும். பகல்ல டயர் கடை வெச்சிருக்காரு. வருஷத்துக்கு ஒரு தடவ, ஒரு காப்பிக் கடை மாடில எல்லாரும் படத்த மாட்டிக் காட்டுவோம். "எல்லாரும்"ல நான் கிடையாது. ரெண்டு வருஷமா, "நீங்க இன்னும் பிகினர் லா சிஸ்"னு சொல்லி என்ன தட்டு எடுத்து வைக்கத்தான் விட்டாரு.

இந்த வருஷம் எனக்கும் செவுத்துல ஒரு இடம்! ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு படத்தோட வந்து நிக்கணும். இல்லன்னா அந்த இடம் வேற ஆளுக்கு.

ஆர்ட் பிரேம் கடைல மூணு வாரம் ஆகும்னுட்டாங்க. அதான் புதன்கிழமை பிரிக்பீல்ட்ஸ்ல முத்தையா அண்ணன் கடைக்கு ஓடினேன். செவுரு பூரா முருகன், லட்சுமி, பிள்ளையார். அண்ணன் மூக்குக் கண்ணாடிய எறக்கி விட்டுட்டு என் படத்த பாத்தாரு.

"யாரும்மா இது?"

எனக்குப் பின்னாடி ரெண்டு ஆன்டி நிக்கிறாங்க. கழுத்துல தாலியோட, கைல ஆபீஸ் டேக்கோட நின்னுகிட்டு, "கார்ட்டூன்ணே"ன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

"சாமி மாதிரிதாண்ணே. ஜப்பான் பக்கம்."

அண்ணன் கைய எண்ணினாரு. "ஆறு. ம்ம். வாகனம் பூனையா?"

"ஆமாண்ணே."

"சரி, விடு. சாமி படம்னா நம்ம கடைல எப்படி செய்வோம்னு தெரியும்ல? வெள்ளிக்கிழமை பூஜைல வெச்சே தரேன்."

பின்னாடி நின்ன ஆன்டி ஒருத்தவங்க கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. நான் தலைய குனிஞ்சுகிட்டு வெளிய வந்தேன்.

சனிக்கிழமை போனா, "செருப்ப கழட்டிட்டு வாம்மா"ன்னாரு.

என் படம் சாமி மேடைல உக்காந்திருக்கு. நாலு மூலைலயும் சந்தனம். நெத்தில குங்குமம். பூனைக்கும் ஒரு பொட்டு. மேல மல்லிப்பூ.

அலாமாக்!

கிட்ட போயி தொட்டுப் பாத்தேன். பொட்டெல்லாம் கண்ணாடி மேலதான். தொடச்சா போயிடும். அப்பாடான்னு இருந்துச்சு. அப்புறம்தான் கீழ பாத்தேன்.

பூனையோட பாதம். அதுக்குக் கீழ நேரா தங்கக் கலர் பிரேம். நடுவுல ஒண்ணும் இல்ல.

"அண்ணே, வெள்ளை ஓரம் எங்கண்ணே?"

"வெட்டிட்டேன்மா. சாமி படத்துக்கு ஓரத்த வெட்டிட்டுத்தானே பிரேம் போடுவோம். முப்பது வருஷமா அப்படித்தான். கீழ யாரோ பென்சில்ல கிறுக்கி வேற வெச்சிருந்தாங்க. நல்ல வேளை, ஓரத்தோட போச்சு."

எனக்கு அழுகையே வந்துருச்சு. நெசமா. கடை நடுவுல, பூ வாசனைல நின்னுகிட்டு, "அதாண்ணே முக்கியம்! அந்த நம்பருதாண்ணே முக்கியம்!"ன்னு கத்தறேன்.

அண்ணன் என்ன பரிதாபமா பாத்தாரு. "நம்பர்தானே? பென்சில் இருக்கு, நானே எழுதித் தரேன். எதுக்கு பதினாலு? ஒண்ணுன்னே போட்டுக்கோ."

குப்பைக் கூடைய கவுத்தேன். கட்டின புடவையோட தரைல உக்காந்து, வேலவன் ஓரம், சரஸ்வதி ஓரம்னு ஒண்ணொண்ணா பிரிச்சேன். என் படத்தோட ஓரம் மூணு கெடச்சுது. மேல் ஓரம், ரெண்டு பக்க ஓரம். கீழ் ஓரம் மட்டும் இல்ல.

அண்ணன் யோசிச்சாரு. "ரிசீட்டு புக்கு முடிஞ்சிருச்சும்மா. அது நல்ல தடிப்பான பேப்பரா இருந்துச்சா, பின்னாடி எழுதி கிள்ளான் பர்வதம் ஆன்டிக்கு ரிசீட்டா குடுத்துட்டேன்."

என் ஓவியரோட கையெழுத்து, கிள்ளான்ல, ரிசீட்டா!

அட்ரஸ் வாங்கிக்கிட்டு கெளம்பினேன். படத்த கார் பின்னாடி பூட்ல வைக்கப் போனா அண்ணன் விடல. "சாமிய போயி டயர் பக்கத்துல வைப்பியா?" முன் சீட்டுல உக்கார வெச்சு, அவரே சீட் பெல்ட் போட்டு விட்டாரு. ஹைவேல சரியான ஜாம். பக்கத்துல நின்ன லோரிக்காரர் எட்டி என் கார் உள்ள பாத்தாரு. ரேடியோவ கொறச்சுட்டு கும்பிட்டாரு. நான் வேற வழியில்லாம தலைய ஆட்டினேன்.

பர்வதம் ஆன்டி வீட்டு கேட்டுக்குள்ளயே நின்னு கதைய முழுசா கேட்டாங்க. பர்ஸ்லேருந்து அந்தத் துண்ட எடுத்துக் காட்டினாங்க. நாலா மடிச்சு வெச்சிருக்காங்க! ஆனா நம்பர் இருக்கு, கையெழுத்து இருக்கு.

"குடுத்துருங்க ஆன்டி, ப்ளீஸ்."

"இத குடுத்துட்டா, என்னத்த காட்டி என் வீட்டுக்காரர வெளிய எடுக்கறது? அவரு போட்டோ ஒண்ணுதான் இருக்கு. அதத்தான் பிரேம் போட குடுத்திருக்கேன்."

முத்தையா அண்ணனுக்கு போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சேன். "ரிசீட்டு இல்லாமலே தரேன்க்கா"ன்னாரு. ஆன்டி நம்பல. "போன்ல எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க."

சரி, நானே ஒரு ரிசீட்டு எழுதித் தரேன்னேன். கார்ல கெடந்த இன்சூரன்ஸ் பாரத்துக்குப் பின்னாடி, "பர்வதம் அம்மாவின் கணவர் படம் ஒன்று, கடையில் உள்ளது"ன்னு எழுதி கையெழுத்து போட்டுக் குடுத்தேன். ஆன்டி ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க.

"இதுல நம்பர் இல்லயேம்மா. பழசுல பதினாலு, அறுபதுன்னு போட்டிருக்கே. ரிசீட்டுன்னா நம்பர் வேணும்லா!"

எழுதினேன். 14/60. என் கையாலயே.

ஆன்டிக்கு பரம திருப்தி. எனக்கு மைலோ கலக்கிக் குடுத்தாங்க.

ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு பத்து நிமிஷம் இருக்கறப்பவே காப்பிக் கடை மாடில நின்னேன். பொட்டெல்லாம் தொடச்சாச்சு, பூனை பொட்டத் தவிர. அது ஏனோ தொடைக்க மனசு வரல. துண்டுப் பேப்பர பிளாஸ்டிக் கவர்ல போட்டு தனியா வெச்சிருந்தேன்.

கியூரேட்டர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கிட்டு வந்தாரு. டயர் கடைல இவரு கையுறையே போட மாட்டாரு, நான் பாத்திருக்கேன். படத்த ஒரு தடவ பாத்தாரு. மூஞ்சி போன போக்கு!

"டிரிம் பண்ணிட்டாங்களா? முடிஞ்சது சிஸ். இது இப்ப பிரிண்ட் இல்ல, வெறும் போஸ்டர். இத மாட்ட முடியாது."

ரெண்டு வருஷம் தட்டு எடுத்து வெச்சதெல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. கவர நீட்டினேன்.

வாங்கினாரு. லைட்டுல புடிச்சாரு. பூதக் கண்ணாடிய எடுத்தாரு. மூச்ச இழுத்தாரு.

"பதினாலு! ஒரிஜினல் பென்சில்!" திருப்பிப் பாத்தாரு. "பின்னாடி பேனால ஏதோ எழுதியிருக்கே. யாரு எழுதினது?"

"முத்தையா."

"ஓ, முத்தையா..." கியூரேட்டர் கண்ண மூடித் தொறந்தாரு. "கேள்விப்பட்டிருக்கேன்."

அந்தத் துண்ட எடுத்து, ஒரு கண்ணாடி பிரேம்ல போட்டு, எனக்குன்னு ஒதுக்கின இடத்துல மாட்டினாரு. ரெண்டு விரல் அகலத்துல ஒரு வெள்ளைத் தாள். நாலு மடிப்பு. குரூப்ல இருந்த ஒன்பது பேரும் வரிசைல நின்னு போட்டோ எடுத்தாங்க. ஒருத்தர் என் கைய புடிச்சு குலுக்கி, "பவர்ஃபுல்"ன்னாரு.

ஆறு கைப் பொண்ணு, பூனையோட, கழிவறைக் கதவு பக்கத்துல சாஞ்சு நிக்கிறா. ஒருத்தரும் திரும்பல.

கியூரேட்டர் கிட்ட கேட்டேன். "அப்ப படத்த யாரும் பாக்க வேணாமா?"

இது கூட தெரியாதான்னு என்ன ஒரு பார்வ பாத்தாரு. "படம் அறுபது பேருகிட்ட இருக்கு சிஸ். பதினாலு உங்ககிட்ட மட்டும்தானே இருக்கு!"

அதனால மக்களே, லிமிடெட் எடிஷன் வாங்கினா ஓரத்த பத்திரமா வெச்சுக்குங்க. நடுவுல என்ன இருக்குன்னு யாரும் கேக்கப் போறதில்ல.