மகாராணியை லாமினேட் செய்த நாள்

வன்னியில் லாமினேட் செய்யப்படாமல் தப்பிய பொருட்கள் மிகக் குறைவு. ஆடு, மாடு, மனிதர் என்று ஒரு சிறிய கூட்டம்தான். அதிலும் மனிதர்கள் மெசினுக்குள் நுழைய முடியாத காரணத்தால்தான் தப்பினார்கள்.

இதற்கு நியாயம் இருக்கிறது. சண்டைக்குள் ஊர்விட்டு ஊர் ஓடியபோது பிறப்புச் சான்றிதழ்களை மழையில் கரையவிட்டு, பிறகு "நான் பிறந்தது உண்மைதான்" என்று நிரூபிக்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவர்கள் எங்கள் ஆட்கள். ஆகவே ஒட்டுசுட்டானில் ஒரு கடைக்கு லாமினேட் மெசின் வந்ததும், கோயிலுக்கு அடுத்தபடியாகச் சனம் கும்பிட்ட இடம் அதுதான். அடையாள அட்டை, காணிப் பத்திரம், கலியாணப் பதிவு எல்லாம் உள்ளே போய்ப் பளபளவென்று வெளியே வந்தன. அம்மா என் கிளினிக் அட்டையைக்கூட விடவில்லை. அதில் எழுத முடியாமல் தாதி பேனையை மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்பா ஒரு லொத்தர் சீட்டைச் சீட்டிழுப்புக்கு முன்னரே லாமினேட் செய்தார். (பரிசு விழவில்லை. ஆனால் சீட்டு இன்றைக்கும் புதிதாக இருக்கிறது.)

இப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கம்பசுக்குப் போனவள் நான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னர் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் கிடையாது. அந்தப் பெருமையில் என் கால் நிலத்தில் படாமல் இருந்த காலம் அது. வரலாறு படித்தேன். பழைய தாள்காசைப் பற்றி ஒரு விரிவுரை கேட்டதும் எனக்குள் ஓர் ஆராய்ச்சியாளர் எழுந்து நின்று கண்ணாடி மாட்டிக்கொண்டார். எங்கள் ஊர் வீடுகளில் கிடக்கும் பழைய தாள்களை எல்லாம் திரட்டி, நகர மண்டபத்தில் நடக்கவிருந்த பாரம்பரியக் கண்காட்சியில் வைத்து, முதற்பரிசைத் தட்டிக்கொண்டு வருவதென்று முடிவு செய்தேன். (பரிசு வாங்க எந்தச் சேலை கட்டுவது என்பதும் அப்போதே முடிவாகிவிட்டது.)

விடுமுறைக்கு வந்து சைக்கிளில் ஊர் சுற்றினேன்.

"பழைய தாள் இருந்தாத் தாங்கோ, கண்காட்சி முடியத் திருப்பித் தாறன்."

ஒருவர் பழைய பேப்பர்க் கட்டொன்றைத் தூக்கி வந்து தராசில் நிறுத்தார். இன்னொருவர் கிழிந்த ஐந்நூறு ரூபாயை நீட்டி, "இதை மாத்தித் தருவியளோ பிள்ளை?" என்றார். ஓர் அக்கா ரகசியமாக அம்மாவிடம் போய், "கம்பஸ் பிள்ளைக்குச் செலவுக்குக் காசு காணாதாம் போல, நேர கேட்டிருக்கலாமே" என்று வருத்தப்பட்டார்.

ஆனாலும் தாள்கள் சேர்ந்தன. சாமிப் படங்களுக்குப் பின்னாலிருந்தும் றங்குப் பெட்டிகளின் அடியிலிருந்தும் பழைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய்த் தாள்கள் வெளியே வந்தன. சிலவற்றைக் கறையான் எனக்கு முன்பே ஆராய்ச்சி செய்திருந்தது.

எல்லாவற்றிலும் பெரிய சரக்கு செல்வி மாமியிடம் இருந்தது. மாமி அப்பாவின் அக்கா. அப்பா உலகத்தில் பயப்படுவது யானைக்கும் மாமிக்கும் மட்டும்தான். (யானை வெடி போட்டால் போய்விடும்.) மாமியிடம் இருந்தது சிலோன் காலத்துப் பத்து ரூபாய்த் தாள். அதில் இங்கிலாந்து மகாராணி, இளம் பெண்ணாக, கன்னம் மின்னச் சிரித்துக்கொண்டிருப்பார். மாமி கலியாணம் முடித்து வந்த அன்று அவருடைய மாமியார் கையில் வைத்தது அது. அன்றிலிருந்து ஒவ்வொரு விதைப்புக்கும் அந்தத் தாளை விதைநெல்லின் மேல் வைத்து எடுத்த பிறகுதான் மாமி முதல் பிடி நெல்லை அள்ளுவார். ராணி வராமல் விதைப்பு இல்லை.

"தாறன். ஆனா வெள்ளிக்கிழமை விதைப்பு. அதுக்கு முன்னம் ராணி எப்பிடிப் போனாவோ அப்பிடியே திரும்பி வரவேணும்," என்றார் மாமி.

"மாமி, நான் வரலாறு படிக்கிறனான்," என்றேன், ஏதோ டொக்டர் சத்திரசிகிச்சைக்கு முன் சொல்வது போல.

கண்காட்சிக்கு முதல் நாள் வானம் கறுத்தது. விரிவுரையாளர் சொன்னது நினைவுக்கு வந்தது: பழைய தாள்களுக்கு ஈரம்தான் முதல் எதிரி. எப்படிப் பாதுகாப்பது என்பதை அடுத்த வகுப்பில் சொன்னாராம். அந்த வகுப்புக்கு நான் போகவில்லை. ஊருக்கு பஸ் எடுத்துவிட்டேன். ஆகவே அரைப் பாடம் கம்பசிலிருந்தும் மீதிப் பாடம் ஒட்டுசுட்டானிலிருந்தும் வந்தது. தாள்களை எல்லாம் அள்ளிக்கொண்டு லாமினேட் கடைக்கு ஓடினேன்.

"தடிச்ச பிளாஸ்டிக்கா போடச் சொல்லு," என்று பின்னாலிருந்து அப்பா கத்தினார்.

மகாராணி மெசினுக்குள் போனார். சுடச்சுட, கண்ணாடி போல் மின்னிக்கொண்டு வெளியே வந்தார். எனக்குப் புல்லரித்தது.

மறுநாள் நகர மண்டபத்தில் என் மேசை பளபளத்தது. நடுவராகக் கொழும்பிலிருந்து ஒரு சேகரிப்பாளர் வந்திருந்தார். வெள்ளைக் கையுறை, சிறிய இடுக்கி, பெரிய பூதக்கண்ணாடி. ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், தூரத்திலிருந்தே மகாராணியைக் கண்டு கண்கள் விரிய வேகமாக வந்தார். கிட்ட வந்ததும் நின்றார். இடுக்கி கையிலிருந்து விழுந்தது.

"பிள்ளை... இது என்ன, மேலே?"

"லாமினேட் ஐயா! இனித் தண்ணி பட்டாலும் ஒண்டும் செய்யாது," என்றேன். அவர் நம்பவில்லையோ என்று எனக்குப் பட்டது. ஆகவே போத்தலைத் திறந்து மகாராணியின் தலையில் தண்ணீர் ஊற்றிக் காட்டினேன்.

அவர் எழுப்பிய சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. பக்கத்து மேசைக்காரர் கதிரை கொண்டுவந்து போட்டார்.

தோய்த்து மினுக்கிய வெள்ளைச் சேட்டோடு அப்பா முன்னால் வந்தார். "தடிச்ச பிளாஸ்டிக் ஐயா. நான்தான் சொன்னனான்."

சேகரிப்பாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, இழவு வீட்டில் பேசுவது போல மெதுவாகச் சொன்னார். சூட்டில் உருகிய பசை தாளுக்குள் இறங்கிவிட்டது. இனிப் பிரிக்க முடியாது. தொடாமல் வைத்திருந்தால் இந்த மண்டபத்தில் முதற்பரிசு இதற்குத்தான்.

"இப்ப இது தாள்காசு இல்லை பிள்ளை. பஸ்சிலை காட்டுற சீசன் காட்."

எனக்கு ஆறுதலுக்காக, பங்குபற்றியதற்கான சான்றிதழ் ஒன்றைக் கொடுத்தார்கள். (வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா அதை லாமினேட் செய்தார்.)

பரிசு போனது ஒரு புறம். ராணி போனபடியே திரும்பி வரவேண்டும் என்று மாமி சொன்னது மறு புறம். விடிந்தால் விதைப்பு. மற்ற வீட்டுக்காரர்கள் தங்கள் தாள்களைப் பார்த்து, "ஆ, வடிவா இருக்கு" என்று சந்தோசமாக வாங்கிவிட்டார்கள். மாமி அப்படிப்பட்டவர் அல்ல. அவர் விதைக்காவிட்டால் அந்தப் பழி காலத்துக்கும் என் தலையில்தான். அம்மா விளக்குக்கு எண்ணெய் விட்டார். நான் அறிவியலிடம் போனேன்.

"சூட்டிலை ஒட்டினது சூட்டிலைதானே கழரும்?" என்றேன்.

"படிச்ச பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்றார் அப்பா. என் வாழ்க்கையின் பெரிய சேதங்கள் எல்லாம் இந்த வசனத்துக்குப் பிறகுதான் நடந்திருக்கின்றன.

உடுப்பு மினுக்கும் அயன் பொக்ஸைச் சூடாக்கி, மகாராணியின் முகத்தில் வைத்து அழுத்தினேன். பிளாஸ்டிக் கழலவில்லை, சுருங்கியது. எடுத்துப் பார்த்தால் நெற்றியில் கோடுகள். கண்ணுக்குக் கீழே பைகள். மின்னிய கன்னம் இரண்டும் தொங்கிப் போயிருந்தன. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா, மாடு பார்க்கவேண்டும் என்று சொல்லி எழுந்து போனார். எங்களிடம் மாடு இல்லை.

காலையில் மாமியின் வயலுக்கு நானே கொண்டுபோனேன். விதைநெல் மூட்டைக்குப் பக்கத்தில் மாமி குளித்து, விபூதி பூசி, தயாராக நின்றார். வேலைக்கு வந்தவர்களும் நின்றார்கள். தாளை நீட்டினேன்.

மாமி வாங்கினார். கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். தூரப் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். அப்பா வரம்புக்குப் பின்னால் பதுங்குவதை ஓரக்கண்ணால் கண்டேன்.

"எடியே, ராணிக்கு வயசு போயிட்டுது."

"ஓம் மாமி," என்றேன்.

மாமி தன் கையால் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு தாளிலிருந்த கன்னத்தைத் தடவினார்.

"இவ்வளவு காலமும் வருசா வருசம் பாக்கிறன், நான் மட்டும் கிழவியாகிறன், இவா அப்பிடியே குமரியா நிண்டு என்னைப் பாத்துச் சிரிக்கிறா. எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமோ? இப்பதான் ஒழுங்கான மனிசியா இருக்கிறா."

சொல்லிவிட்டுத் தாளை நெல்லின் மேல் வைத்தார். முதல் பிடியை அள்ளி எறிந்தார். வேலையாட்கள் இறங்கினார்கள். வரம்புக்குப் பின்னாலிருந்து அப்பா, அங்கேயே நின்றவர் போல நிமிர்ந்து வந்து, "தடிச்ச பிளாஸ்டிக் அக்கா, நனையாது" என்றார்.

இப்போது நான் பட்டதாரி ஆசிரியை. என் பட்டச் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்கு மட்டும் இதுவரை சொல்லவில்லை. ஆனால் ராணியின் கதையை ஒளிக்க முடியவில்லை. என்னைப் பெண் கேட்டு நெளுக்குளத்திலிருந்து வந்தவர்கள், "பிள்ளைக்குக் கைவேலை ஏதும் தெரியுமோ?" என்று கேட்டபோது, தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மாமிதான் பதில் சொன்னார்:

"இங்கிலாந்து ராணியையே ஒரு பொழுதுக்குள்ள கிழவியாக்கின கை. மாப்பிள்ளைப் பிள்ளையைக் கவனமா இருக்கச் சொல்லுங்கோ."

அப்படியும் மாப்பிள்ளை என்னைக் கட்டிக்கொண்டார். போன மாதம் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர், நெற்றியில் ஒரு கோட்டைக் கண்டுபிடித்து என் பக்கம் திரும்பினார்.

"உண்மையைச் சொல்லும். நான் நித்திரையா இருக்கேக்கை அயன் பண்ணினீரோ?"