தேர்ட் டவுனும் களிமண் பிள்ளையாரும்

வெளிநாட்டில் வாழும் தமிழனுக்கு ஊரில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத ஒரு சௌகரியம் உண்டு. எதிரில் நிற்பவரைப் பற்றி, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, அவர் காதுபட என்ன வேண்டுமானாலும் பேசலாம். இந்த சௌகரியத்தை டெக்சாஸ் மாநிலத்தில் என் அளவுக்கு அனுபவித்தவன் இருக்க முடியாது. அதன் பலனையும் ஒரே மத்தியானத்தில், என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அனுபவித்து முடித்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஹூஸ்டனிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி ஒரு யுனிவர்சிட்டி ஊரில் எனக்கு சாஃப்ட்வேர் வேலை. கறிவேப்பிலை வேண்டுமென்றால் ஹூஸ்டனில் ஹில்கிராஃப்ட் தெரு இந்தியக் கடைகள் வரை காரோட்ட வேண்டும். ஃபுட்பால் வேண்டுமென்றால் ஜன்னலைத் திறந்தால் போதும். (சனிக்கிழமை முகூர்த்தம் வைத்தால் அந்த ஊரில் மாப்பிள்ளையே வரமாட்டான்.) இது நம் ஊர்ப் பந்து விளையாட்டு இல்லை. பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடலாம், தூக்கி எறியலாம், வருகிறவன் மேல் விழுந்து அமுக்கலாம். பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. அதில் மூன்றாவது வாய்ப்பான தேர்ட் டவுனில்தான் உயிர் போய் உயிர் வரும். அப்போது எறிவதா, ஓடுவதா என்று முடிவெடுக்கும் கோச்சுக்கு ஆஃபென்சிவ் கோ-ஆர்டினேட்டர் என்று பெயர். ஜெயித்தால் மாலை ஹெட் கோச்சுக்கு, தோற்றால் திட்டு இவருக்கு.

எங்கள் ஊர் கோ-ஆர்டினேட்டருக்கு ஓட்டம் ஒன்றுதான் தெரியும். தேர்ட் டவுனா, ஓடு. எட்டு கஜம் பாக்கியா, அப்போதும் ஓடு. ஆபீஸ், சலூன், மளிகைக்கடை க்யூ என்று எங்கே பார்த்தாலும் இதே சண்டைதான். பந்தைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார் என்பது ஒரு கட்சி, மனுஷனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சியின் தமிழ்ப் பிரிவுக்கு நானும் என் சிநேகிதன் கோபாலும் தலைவர்கள். இருவருமே கோயமுத்தூர்க்காரர்கள். அந்தப் பந்தைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு எந்த ஆட்டத்தின் கோச்சையும் திட்டத் தனியாகப் பயிற்சி தேவையில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் என் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து அந்த மனிதரின் மண்டையை நல்ல தமிழில் அலசுவோம்.

பக்கத்தில் என் ஒன்பது வயது மகள் நித்யா படம் வரைந்துகொண்டிருப்பாள். அவள்தான் அப்போது எங்கள் வீட்டின் பெரிய கவலை. தமிழில் என்ன கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில், அதுவும் 'யெஸ்', 'நோ', 'வாட்எவர்'. ஊருக்கு போன் போட்டால் என் அப்பாவுக்கு ஒரு 'ஹாய்' சொல்லிவிட்டு ரிசீவரை என் கையில் திணித்துவிடுவாள். "பேத்திய எந்த பாஷைலப்பா கொஞ்சறது?" என்று அப்பா ஒருமுறை கேட்டார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்களோடு தமிழ் முடிந்தது என்று நானும் என் மனைவி மீனாவும் மனதைத் தேற்றிக்கொண்டோம். அதனால் அவள் முன்னால் எதையும் தாராளமாகப் பேசும் பழக்கம் வந்துவிட்டது.

ஆட்டம் இல்லாத ஒரு சனிக்கிழமை, நித்யாவின் வகுப்புத் தோழி எமிலியையும் அவள் அப்பாவையும் மீனா லஞ்சுக்குக் கூப்பிட்டிருந்தாள். "அவ அப்பா யுனிவர்சிட்டில ஏதோ டீச் பண்றாராம்" என்றாள். கோபாலை யாரும் கூப்பிடவில்லை. வடை வாசனைக்கு அவனே வந்து சேர்ந்தான்.

காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தேன். வாரம் தவறாமல் டிவியில் நான் திட்டும் அதே முகம், ஒரு பூங்கொத்தோடு வாசலில் நின்றது. "ஹாய், ஐயாம் வாரன்" என்றது.

என் கை தானாக நீண்டது. வாய் தானாக, "கோச்! நான் உங்கள் பரம ரசிகன்!" என்று இங்கிலீஷில் உளறியது.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். குழந்தைகள் இருவரும் மேஜையின் கடைசியில். பத்து நிமிஷம் மரியாதையாகத்தான் இருந்தேன். கோபால்தான் ஆரம்பித்தான். சாம்பார் வாளியைத் தூக்கி, உபசாரம் செய்கிற குரலில், வாயெல்லாம் பல்லாக, "இன்னொரு வடை வைப்பா அவருக்கு. இதையாவது கீழ போடாம புடிக்கறாரான்னு பார்ப்போம்" என்றான்.

கோச் "தேங்க் யூ" என்றார். அவ்வளவுதான், எனக்குக் குஷி கிளம்பிவிட்டது. "வடைய எடுத்துட்டு எங்க ஓடறதுன்னு யோசிக்கறாருடா" என்றேன்.

"மீனா, ஓடறதுக்கு முன்னாடி பாயசத்தக் குடுத்துரும்மா" என்றான் கோபால்.

"ரெண்டு பேரும் வாய மூடிட்டு சாப்பிடறீங்களா?" என்றாள் மீனா, அவளும் சிரித்த முகமாக.

நான் மூடவில்லை. எலுமிச்சைச் சாதத்தைப் பரிமாறியபடியே, "இந்த மண்டைக்குள்ள இருக்கறது மூளை இல்ல கோபாலு, களிமண்ணு. அத வெச்சு சதுர்த்திக்கு ஒரு பிள்ளையார் பண்ணலாம்" என்றேன்.

"எங்க பண்றது? இந்தாளு களிமண்ணுல பிள்ளையார் புடிக்கப் போனா குரங்காத்தான் முடியும்!"

இருவரும் சிரித்தோம். விருந்தாளியும் சேர்ந்து சிரித்தார். அப்போது மேஜையின் கடைசியிலிருந்தும் சிரிப்பு வந்தது. எமிலி மூக்கில் தண்ணீர் ஏறி இருமிக்கொண்டிருந்தாள். அவள் காதருகே நித்யாவின் வாய்.

"என்னம்மா ஜோக்?" என்று கோச் கேட்டார்.

"நித்யாகிட்ட கேளுங்க டாடி. அவதான் எல்லாத்தையும் எனக்கு டிரான்ஸ்லேட் பண்றா" என்று எமிலி இங்கிலீஷில் சொன்னாள்.

 அப்போதும் எனக்கு ஒரு நம்பிக்கை. இவளுக்குத்தான் தமிழ் வராதே!

நித்யா என்னைப் பார்த்தாள். பொய் சொல்லக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்தது நான்தான். அவள் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போலத் தெளிவான இங்கிலீஷில் ஆரம்பித்தாள். வடையைக் கீழே போடுவது வந்தது. பாயசம் வந்தது. "உங்கள் தலைக்குள் மூளை இல்லையாம், களிமண்ணாம். அதில் பிள்ளையார் செய்யலாம் என்கிறார் அப்பா. பிள்ளையார் என்பது எங்கள் யானைமுகச் சாமி. ஆனால் கோபால் அங்கிள் அது குரங்காகத்தான் முடியும் என்கிறார். அது ஒரு பழமொழி. ஒன்றை நல்லபடியாகச் செய்ய ஆரம்பித்து, வேறு ஏதோவாக முடிவது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்கள் தேர்ட் டவுன் மாதிரி" என்று தன் பங்கையும் சேர்த்தாள்.

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். டெக்சாஸ் பூமி ரொம்பக் கெட்டி, பிளக்கவில்லை. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மானம் போன அதே நொடியில் எனக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. என் மகளுக்குத் தமிழ் தெரியும்! ஏதோ அரைகுறையாக இல்லை, பழமொழிக்கு அர்த்தம் சொல்லி, அதை எங்கே பொருத்துவது என்று தெரிகிற அளவுக்குத் தெரியும்! கரண்டியைப் பிடித்தபடி மீனாவும் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். கோபால் மட்டும் மேஜைக்கு அடியில் எதையோ தேடினான்.

கோச் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஊரே என்னைத் திட்டுகிறது. மொழிபெயர்ப்பாளர் வைத்துத் திட்டியது நீங்கள்தான்" என்றார். பிறகு வடைத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். அப்பளத் துண்டுகள் எங்கள் ஆட்டக்காரர்கள், வடைகள் எதிரணி, ஒரு லட்டு பந்தை எறிகிறவன். "உங்கள் முறை. எட்டு கஜம் பாக்கி. எறியுங்கள்" என்றார்.

எறிகிற பந்தைப் பிடிக்க நான் வீரமாக ஓர் அப்பளத்தை முன்னால் நகர்த்தினேன். அவர் இடது ஓரத்திலிருந்த அப்பளத்தைச் சுட்டிக்காட்டி, "இந்தப் பையனுக்கு முழங்காலில் அடி. வெளியே சொல்ல முடியாது. எறிகிறவன் மேல் பாய வருகிறவர்களை இவனால் தடுக்க முடியாது" என்றார். பிறகு ஒரு வடையால் அதை நொறுக்கிக்கொண்டு வந்து, லட்டை ஒரே அமுக்காக அமுக்கினார். லட்டு பூந்தியாகிவிட்டது. எறியவிடாமல் ஏன் எப்போதும் ஓடவே சொன்னார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோபால் சாட்சியத்தை அழிக்கிற மாதிரி அந்த வடையை எடுத்துச் சாப்பிட்டுவிட்டான்.

அவர்கள் போன பிறகு நித்யாவைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் கண்ணு, இத்தனை நாளா ஏன் பேசல?"

"பேசினா உங்களுக்குத் தெரிஞ்சுடும்ல?" என்றாள், சுத்தமான தமிழில். "அப்புறம் என் முன்னாடி ஒண்ணும் பேச மாட்டீங்க."

அன்றைக்கே ஊருக்கு போன் போட்டு ரிசீவரை அவளிடம் கொடுத்தேன். பிள்ளையார் கதையை அவள் முதலிலிருந்து சொன்னாள். அந்தப் பக்கம் அப்பா சிரித்த சிரிப்பு, ரிசீவரைத் தாண்டி ஹாலெல்லாம் கேட்டது.

இப்போது எங்கள் வீட்டில் யார் யாரைப் பற்றிப் புறம் பேச ஆரம்பித்தாலும், "டிரான்ஸ்லேட் பண்ணட்டுமா?" என்று யாராவது கேட்பார்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

நித்யா ஓர் அமெரிக்கப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். தங்கமான பையன், வழி மட்டும் தெரியாது. போன தீபாவளிக்கு என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஒரு மணி நேரம் ஃப்ரீவேயில் கோயிலுக்கு நேர் எதிர்த் திசையில் ஓட்டினான். சாப்பிட உட்கார்ந்ததும் எனக்குத் தாங்கவில்லை. பழைய வழக்கப்படி சிரித்த முகமாக மீனாவிடம், "இவன் மண்டைக்குள்ள என்னதான் இருக்கோ தெரியல" என்றேன்.

நித்யா வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளைதான், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டான்:

"களிமண்ணா, மாமா?"