ஒரு நம்பரைத் திருத்தப் போய் மாசாய்ல பாதிய பிளாக் பண்ணேன்

சனிக்கிழமை காலைல எனக்கு ஒரே ஒரு வேலைதான். மாசாய்ல இருக்கற எங்க கோயிலோட வெப்சைட்ல ஒரு போன் நம்பரைத் திருத்தணும். முழு நம்பர்கூட இல்ல. கடைசில 3 வரணும், 8 இருக்கு. அவ்வளவுதான்.

அந்த 8-ஐப் போட்டது யாருன்னு கேக்காதீங்க. நான்தான்.

எனக்கு வேலை பாசிர் கூடாங்ல, ஃபேக்டரில. அடுத்தவங்க செஞ்ச சாமான்ல தப்பு இருக்கான்னு பாத்துச் சொல்ற வேலை. ஒரு தடவை ஆறு வாரம் வெப்சைட் கிளாஸுக்குப் போனேன்னு வாய் தவறிச் சொன்னதுல, கமிட்டி என்னை ஐடி பொறுப்பாளர் ஆக்கிடுச்சு.

பங்குனி உத்திரத்துக்குப் பால்குடம் எடுக்கறவங்க இந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பேர் கொடுக்கலாம்னு புதன்கிழமை போட்டேன். அது கோயில் ஆபீஸ் நம்பர் இல்ல. கெலாங் பாத்தால நாசி லெமாக் சோறு விக்கிற ரோஹானி மக்சிக், அதாவது ஒரு மலாய்க்கார அத்தையோட நம்பர்.

கூப்பிட்டவங்கள்ல யாரோ ஒருத்தர் என் நம்பரை அவங்களுக்குக் கொடுத்திருக்காங்க. சனிக்கிழமை காலைல மக்சிக்கே போன் பண்ணாங்க.

"அடிக்," தங்கச்சின்னு மலாய்ல ரொம்ப மரியாதையாதான் ஆரம்பிச்சாங்க. "மூணு நாளா ஆளுங்க கூப்பிட்டு பால், பால்ங்கறாங்க. என்கிட்ட நாசி லெமாக்தான் இருக்கு. பால் இல்ல."

"மன்னிச்சிருங்க மக்சிக். அஞ்சு நிமிஷத்துல மாத்திடறேன்."

அப்போ மணி ஒன்பது.

வீட்ல உக்காந்துக்கிட்டே சர்வர்ல இருக்கற ஃபைலைத் திருத்தறதுக்கு எஃப்டிபின்னு ஒரு மென்பொருள் இருக்கு. லேப்டாப்பைத் திறந்தேன், அதைத் தட்டினேன். பாஸ்வர்ட் தப்புன்னுச்சு.

சரி, போன மாசம் எங்க வெப்சைட்டைத் தன் சர்வர்ல வெச்சிருக்கற ஹோஸ்டிங் கம்பெனி பாதுகாப்பு விதியைக் கடுமையாக்கிட்டோம்னு எல்லாரையும் பாஸ்வர்ட் மாத்தச் சொன்னது ஞாபகம் வந்துச்சு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பர், ஆச்சரியக்குறி எல்லாம் கலந்து பதினாறு எழுத்து. டைரில எழுதி வெச்சிருந்தேன். பாத்து நிதானமா அடிச்சேன்.

இப்போ பாஸ்வர்ட் தப்புன்னுகூட சொல்லல. பதிலே இல்ல. வெப்சைட்டைத் திறந்து பாத்தா அதுவும் வரல.

என் வீட்டுக்காரர் செல்வம் சோபால படுத்து ஃபுட்பால் பாத்துக்கிட்டு இருந்தாரு. வாரம் ஆறு நாள் பைக்ல எல்லை தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வர்ற மனுஷன்.

"ஏங்க, கோயில் வெப்சைட் போயிடுச்சு."

"நீ என்ன பண்ண?"

எதுவும் உடைஞ்சா எங்க வீட்ல முதல் கேள்வி இதுதான்.

அவர் போன்லேர்ந்து லேப்டாப்புக்கு இன்டர்நெட் எடுத்துப் பாத்தேன். வெப்சைட் அழகா வந்துச்சு. ஆகா, நம்ம வைஃபைதான் கோளாறுன்னு மறுபடி எஃப்டிபியைத் திறந்தேன். அரை நிமிஷம். செல்வம் போன்லயும் வெப்சைட் காணோம்.

பக்கத்து வீட்டு மகேஸ் அக்காகிட்ட போனேன். "வைஃபை தானே, உக்காரு"ன்னு தேத்தண்ணி கலக்கப் போனாங்க. தேத்தண்ணி வர்றதுக்குள்ள அவங்க வீட்லயும் வெப்சைட் போச்சு.

"பரவால்லலா, நான் அதைப் பாக்கறதே இல்ல"ன்னாங்க. ஆறுதலாதான் சொன்னாங்க.

அடுத்து வைஃபை இருக்கற மாமாக் சாப்பாட்டுக் கடை. ஒரு தே தாரேக் டீ, ஒரு ரொட்டி சானாய், அங்கேயும் அதே கதை. நடுவுல மக்சிக் போன்.

"அடிக், மாறிடுச்சா?"

"இன்னும் கொஞ்ச நேரம் மக்சிக்."

"சரி, அவசரம் இல்ல. ஒருத்தங்க எத்தனை மணிக்கு வரணும்னு கேக்கறாங்க. நேத்துக் கூப்பிட்டவங்க காலைல ஆறுன்னாங்க. அதையே சொல்லிட்டேன். சரிதானே?"

சரிதான். எங்க கமிட்டில பாதிப் பேருக்கு அது தெரியாது.

நேரா கோயிலுக்கே போனேன். ஆபீஸ்ல தலைவர் சுப்ரா அண்ணன் பெரிய ஸ்கிரீன்ல வெப்சைட்டைத் திறந்து வெச்சு, நன்கொடையாளர் ரெண்டு பேருக்குப் பெருமையாக் காட்டிக்கிட்டு இருந்தாரு.

"வாம்மா கலா. இவங்கதான் எல்லாம் செஞ்சது"ன்னு அறிமுகம் வேற.

நான் கும்பிட்டுட்டு மூலைல உக்காந்து லேப்டாப்பைத் திறந்தேன். தலைவர் அடுத்த பக்கத்தைத் தட்டினாரு. வரல. திரும்பத் தட்டினாரு. வெள்ளையா நின்னுச்சு.

"இவ்வளவு நேரம் நல்லாதானம்மா இருந்துச்சு," என்னைத் திரும்பிப் பாத்தாரு. "நீ வந்த பிறகுதான்..."

முடிக்கல. நல்ல மனுஷன்.

வீட்டுக்குத் திரும்பி ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போன் போட்டேன். டைரியைப் பிரிச்சு வெச்சுக்கணுமேன்னு ஸ்பீக்கர்ல போட்டு மேசை மேல வெச்சேன். ஒருத்தர் எடுத்தாரு. விவரமெல்லாம் கேட்டுட்டு, "மேடம், உங்க கணக்கை இன்னிக்குக் காலைலேர்ந்து ஒரு கும்பல் தாக்கிக்கிட்டு இருக்கு"ன்னாரு.

"கும்பலா?"

"அஞ்சு வேற வேற இடம். எல்லாமே மாசாய். ஒவ்வொரு இடத்துலேர்ந்தும் தப்பான பாஸ்வர்டைப் பத்துப் பத்துத் தடவை அடிச்சிருக்காங்க. எங்க ஃபயர்வால் அஞ்சையும் அடைச்சிருச்சு. இது ஷேர்ட் ஹோஸ்டிங் மேடம். ஒரே சர்வர்ல நிறையப் பேர் வெப்சைட் இருக்கு. அடுக்குமாடில ஒரு வீட்டுக் கதவைத் தப்பான சாவி போட்டுத் திருகிக்கிட்டே இருந்தா, கீழ காவலுக்கு இருக்கற ஜாகா உள்ளயே விடமாட்டான்ல, அந்த மாதிரி."

"அந்தக் கும்பல் நான்தான்."

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டற சத்தம் கேட்டுச்சு.

"அப்போ நீங்கதான் கணக்குக்காரர்னு உறுதிப்படுத்தணும். விதி. பாதுகாப்புக் கேள்விக்குப் பதில் சொல்லுங்க. உங்களோட முதல் வளர்ப்புப் பிராணி பேர் என்ன?"

நான் நாய், பூனை எதுவும் வளர்த்ததே இல்ல. மூணு வருஷத்துக்கு முன்னாடி இதுக்கு என்ன எழுதினேன்?

"மயில்?" முருகன் கோயிலாச்சே.

"தப்பு மேடம். இன்னும் ரெண்டு வாய்ப்பு."

"வேல்?"

"அது பிராணியா மேடம்? இன்னும் ஒண்ணுதான் இருக்கு. அதுவும் தப்பாப் போனா எழுத்து மூலமா விண்ணப்பிக்கணும். ஏழு வேலை நாள் ஆகும்."

ஏழு வேலை நாள்னா பங்குனி உத்திரமே முடிஞ்சிடும். அதுவரைக்கும் எங்க முருகனுக்கு மக்சிக்தான் செயலாளர்.

அப்போதான் ஞாபகம் வந்துச்சு. அந்தக் கணக்கைத் திறந்த அன்னிக்கு வீட்ல ஒரு சண்டை.

செல்வத்தைத் திரும்பிப் பாத்தேன். ஃபுட்பால் பாத்துக்கிட்டு இருந்தாரு. போனை எடுத்து ஸ்பீக்கரை நிறுத்தப் பாத்தேன். அவசரத்துல எந்த பட்டன்னு தெரியல. வாயைக் கிட்ட வெச்சு மெதுவாச் சொன்னேன்.

"செல்வம்."

"கேக்கல மேடம். சத்தமா."

"செல்வம்."

"சரியான பதில் மேடம்," ஸ்பீக்கர் வீடு முழுக்க அறிவிச்சுச்சு. "முதல் வளர்ப்புப் பிராணி, செல்வம். உறுதியாச்சு."

டிவி சத்தம் நின்னுச்சு. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

அப்புறம் ஹோஸ்டிங்காரர் விளக்கினாரு. பழைய பாஸ்வர்ட் எஃப்டிபிலயே சேமிச்சு இருக்கு. திறந்த உடனே அதுவே அதை எடுத்துத் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். நான் டைரியைப் பிரிச்சு ஆச்சரியக்குறி தேடறதுக்குள்ள கதவு சாத்திடும். எல்லா இடத்துலயும் அதான் நடந்திருக்கு. தரம் பாக்கறவ, அஞ்சு இடத்துல ஒரே தப்பை ஒரே மாதிரி செஞ்சிருக்கேன்.

பழசை அழிச்சேன். அவர் அஞ்சு இடத்தையும் திறந்து விட்டாரு. 8-ஐ எடுத்துட்டு 3 போட்டேன். நாலு செகண்ட் வேலை. மணி நாலு.

மக்சிக்குக் கூப்பிட்டேன். "மாத்திட்டேன் மக்சிக். இனிமே யாரும் தொந்தரவு பண்ணமாட்டாங்க."

"அப்படியா?" குரல்ல கொஞ்சம் ஏமாற்றம். "எல்லார் பேரும் நோட்டுல எழுதியிருக்கேன். போட்டோ அனுப்பறேன்."

அனுப்பினாங்க. பேர், போன் நம்பர், பெரியவங்க எத்தனை, பிள்ளைங்க எத்தனை, எல்லாம் ரூமிங்கற இங்கிலீஷ் எழுத்துல கோடு போட்டு வரிசையா. முட்டி வலி இருக்கற ஒருத்தங்களுக்கு நாற்காலி வேணும்னு ஓரத்துல ஒரு குறிப்பு.

சுப்ரா அண்ணனுக்குக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "கலா, இவங்களைக் கமிட்டில சேத்துக்க விதி இருக்கா?"ன்னு கேட்டாரு.

விதி இல்ல.

இப்போ வெப்சைட்ல சரியான நம்பர்தான் இருக்கு. கூப்பிட்டா கோயில் ஆபீஸ்ல யாரும் எடுக்கறதில்ல.