பாலிக்கு ஒரு பாடப்புத்தகம்

புகார்ப் புத்தகத்தில் அன்றும் அதே பச்சை மை, அதே குண்டு எழுத்து: "பாலி மொழி கற்க, உருப்படியான தொடக்கநிலை நூல் ஒன்றுகூட இங்கே இல்லை."

தலைமை நூலகர் அதை உதவி நூலகரின் மேஜையில் தொப்பென்று போட்டார். "இது பதினோராவதும்மா. இன்னொண்ணு வந்தா உங்களைக் கீழ்க் கிடங்குக்கு மாத்திடுவேன்."

கிடங்கு என்ற சொல்லைக் கேட்டதுமே அவளுக்குத் தும்மல் வந்தது.

எழுதியவர் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தார். மூன்று மாதமாகத் தினமும் வருகிற கோட்டுக்காரர்.

நாலு நூலகங்களுக்கு நடையாய் நடந்து ஒரு நூலைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் புரட்டினார்.

"என்ன எழுத்து இது?"

"பாலிக்குன்னு தனி எழுத்து கிடையாதாம் சார். போற ஊர் எழுத்தைப் போட்டுக்குமாம்."

"அப்ப நம்ம எழுத்தைப் போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க."

இரண்டாவது நூல் ஆங்கிலத்தில் வந்தது. "தொடக்கநிலையாம்! முதல் பக்கத்துலயே, 'சம்ஸ்கிருதம் அறிந்த வாசகருக்கு'ன்னு போட்டிருக்கான்" என்று திருப்பித் தள்ளினார்.

மூன்றாவதாக ஒலிப்பாடம். அவசரத்தில் ஹெட்போனைச் சரியாகச் செருகவில்லை. வாசிப்பறை முழுக்கக் கணீரென்று ஓதல் கிளம்பியது. செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து தலைகுனிந்து நின்றார்கள். "யாரு போயிட்டாங்க?" என்று ஒருவர் அவள் காதைக் கடித்தார்.

கோட்டுக்காரர் பச்சைப் பேனாவைத் திறந்தார்.

"ஒரு வாரம் குடுங்க சார்! நானே எழுதித் தர்றேன்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது.

வீட்டில் அடுப்படிச் சுவரெல்லாம் பாலிச் சொற்கள். "பாலியில எட்டு வேற்றுமைங்க" என்றாள் கணவனிடம்.

"நமக்குள்ள இருக்கறதைவிடக் கம்மிதான்."

காலையில் கிளம்பும்போது, பழக வேண்டுமே என்று, "கச்சாமி" என்றாள். 'போகிறேன்' என்று பொருள்.

"எந்தச் சாமி?" என்றான் அவன், குழம்பு தீய்வதைக்கூடக் கவனிக்காமல்.

ஏழாம் நாள் நாற்பது பக்கக் கையேடு தயார். அழகான தமிழ் எழுத்தில், எளிய பயிற்சிகளோடு.

கோட்டுக்காரர் நின்றபடியே முழுதும் படித்தார். கண் கலங்கிவிட்டது. "ஒரு தப்புகூட இல்லையே" என்றார். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு, புகார்ப் புத்தகத்தின் பக்கமே திரும்பாமல் வெளியே போனார்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடைக்கு ஓடினாள்.

"அண்ணே, இதுல பத்துப் பிரதி போடுங்க! படிச்சிட்டு அந்தக் கோட்டு சார் அழுதே விட்டார்!"

கடைக்காரர் கையேட்டைப் புரட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"அழாம என்னம்மா செய்வார்? அவர் எழுதின பாலிப் பாடப்புத்தகத்தை நான்தான் பைண்டு பண்ணிக் குடுத்தேன். முந்நூறு பிரதியும் வீட்லயே கெடக்கு. வாய்விட்டுக் கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு, நீங்களாத் தேடிப்பிடிச்சு ஒண்ணாவது வாங்குவீங்கன்னுதானே மூணு மாசமாப் புகார் எழுதினார்!"